எட்டுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே

ஆகஸ்டு மாதம், பிற்பகல் இரண்டரை மணி. துபாயின் ஷேக் ஸாயித் சாலையில் எங்கோ முன்னால் ஒரு விபத்து. எல்லா வரிசையிலும் வண்டிகள் அசையாமல் நிற்கின்றன. வெளியே 46 டிகிரி. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை, பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரைக்கும் யாரையும் திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. மனிதர்களுக்கு ஓய்வு விதித்திருக்கும் அந்த நேரத்தில், என் 2003-ஆம் ஆண்டு போர்ஷே 911, ஏசி முழு வீச்சில் ஓட, ஒரு தண்ணீர் லாரியின் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது.

டாஷ்போர்டில் ஐந்து வட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல. நடுவட்டத்துக்கு வலப்பக்கம் இருப்பதில் கூலன்ட் முள். அந்த அளவுகோலின் நடுவில் 80 என்று எழுதியிருக்கும். முள் எட்டைத் தாண்டிவிட்டது, பூஜ்யத்தைத் தொடவில்லை. இரண்டு இலக்கங்களுக்கும் இடையே ஒரு சோற்றுப் பருக்கை அளவு இடம் இருக்கிறதே, அதில் நிற்கிறது. பத்து நிமிடம் கழித்தும் அங்கேதான் நிற்கிறது.

இந்தக் காரைப் புகழ்பவர்கள் அதன் பின்பக்கச் சரிவைப் புகழ்வார்கள், இன்ஜின் குரலைப் புகழ்வார்கள், வளைவில் அது தரையைப் பிடிக்கும் பிடியைப் புகழ்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஏழு கோடைகள் இதைப் பாலைவனத்தில் வைத்துப் பராமரித்த பிறகு, எனக்குப் பாராட்டத் தோன்றுவது இதற்குள் ஓடும் தண்ணீரை. அந்த முள் அங்கே நிற்பதற்காக எத்தனை பொருள்கள் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்தாற்போல வேலை செய்கின்றன என்பது, கழற்றிப் பார்க்கும்வரை தெரியாது.

சூடேறிய வண்டியை நான் முதலில் பார்த்தது சின்ன வயதில், கொடைக்கானல் மலைப்பாதையில். பஸ் மூச்சிரைத்து நின்றது. கிளீனர் கையில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைக் கால் திருகு திருகிவிட்டு எட்டி நின்றார். புஸ்ஸென்று ஆவி மேலே போனது. பிறகு ஓடையிலிருந்து ஒரு டின்னில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார். தண்ணீர் உள்ளே இறங்கும்போது ஒரு கடகட சத்தம். இன்ஜினுக்கும் தாகம் எடுக்கும் என்று அன்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அந்த பஸ்ஸின் ரேடியேட்டர் இன்ஜினுக்கு முன்னாலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. என் காரில் நிலைமை வேறு.

911 பிறந்தபோது அதில் தண்ணீரே கிடையாது. 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட நாளிலிருந்து 1998 வரை அது காற்றால் குளிர்ந்த இன்ஜின். ஒரு பெரிய விசிறி, சிலிண்டர்களின்மேல் துடுப்புகள், நிறைய எண்ணெய், அவ்வளவுதான். பிறகு சிலிண்டருக்கு நான்கு வால்வு வைக்க வேண்டிய காலம் வந்தது. புகைக்கும் சத்தத்துக்கும் சட்டங்கள் இறுகின. நான்கு வால்வுகளுக்கு நடுவில் நெருக்கமாகச் சேரும் சூட்டைக் காற்றால் அள்ள முடியாது, தண்ணீர் வேண்டும். போர்ஷே பொறியாளர்கள் இதைப் பந்தயக் கார்களிலேயே படித்திருந்தார்கள். 1978-இன் 935 பந்தயக் காரிலும், எண்பதுகளின் 959-இலும் சிலிண்டருக்குக் காற்று, தலைக்கு மட்டும் தண்ணீர் என்று பாதிவழி வந்திருந்தார்கள். 1997-இல் 996 என்ற உள்பெயரோடு வந்த புதிய 911-இல் முழுவதும் தண்ணீர். பழைய ரசிகர்கள் பலர் மனம் உடைந்துபோனார்கள். இன்றும் காற்றுக் குளிர்ச்சிக் கார்களுக்குத்தான் சந்தையில் விலை அதிகம். நான் அவர்களோடு வாதாட மாட்டேன். ஆனால் ஒன்று கேட்பேன்: வாலில் இருக்கும் இன்ஜினுக்கு எப்படித் தண்ணீர் காட்டினார்கள் என்று குனிந்து பார்த்திருக்கிறீர்களா?

பாருங்கள். இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால். அங்கே காற்று முகத்தில் அடிக்காது. காற்று அடிக்கும் இடம் மூக்கு. ஆகவே ரேடியேட்டர்களை மூக்கில் வைத்தார்கள். இரண்டு, முன் சக்கரங்களுக்கு முன்னால், இடமும் வலமும். காரின் மொத்த நீளமே நாலரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பின்னாலிருந்து சூடான தண்ணீர் வண்டியின் அடிவயிற்றுக் குழாய்கள் வழியாக முன்னே போகிறது, இரண்டாகப் பிரிகிறது, ஆறுகிறது, சேர்கிறது, இன்னொரு குழாயில் பின்னே வருகிறது. ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழேதான் இந்தப் போக்குவரத்து. ஒரு சின்ன காரில் நாலைந்து லிட்டர் கூலன்ட் போதும்; இதில் இருபது லிட்டரையும் தாண்டும். அந்த அளவே ஒரு பலம். ஒரு தம்ளர் பால் சீக்கிரம் பொங்கும். அண்டா பால் பொங்க நேரமெடுக்கும். சிக்னலில் திடீரென்று சூடேறும் நேரத்தில் இந்த இருபது லிட்டர்தான் பொறுமை காக்கிறது. அதோடு, எண்ணெயின் சூட்டையும் இதே தண்ணீர்தான் வாங்கிக்கொள்கிறது. இன்ஜின்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு பெட்டிக்குள் எண்ணெயும் தண்ணீரும் தகடு தகடாக அடுத்தடுத்து ஓடும். கலக்காமல் சூட்டை மட்டும் கைமாற்றும்.

இது ஜெர்மனியில் வரைந்த கணக்கு. அங்கே கோடையில் வெளிக்காற்று 20 டிகிரி, கூலன்ட் 95 என்று வைத்துக்கொண்டால் இடையில் 75 டிகிரி இறக்கம். சூடு அந்த இறக்கத்தில்தான் வழிந்தோடும். துபாயில் காற்றே 47. இறக்கம் 48 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதே ரேடியேட்டர், அதே காற்றின் வேகம். ஆனால் வெளியேறும் சூடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். அதிலும் 47 என்பது நிழலில் அளந்தது. ரேடியேட்டர்கள் தரையை ஒட்டி இருக்கின்றன. தாரின்மேல் வெந்துகொண்டிருக்கும் காற்றைத்தான் அவை உறிஞ்சுகின்றன. இன்னும் ஒன்று: ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் முன்னால் ஏசியின் கண்டென்சர் இருக்கிறது. காற்று முதலில் நம் அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு, பிறகுதான் இன்ஜினின் சூட்டை எடுக்க வருகிறது. உள்ளே நாம் குளிரக் குளிர இருப்பதற்கான விலையை அந்த இரண்டு ரேடியேட்டர்களும் கொடுக்கின்றன. இத்தனை பாரத்திலும் முள் அந்தப் பருக்கை இடத்தை விட்டு நகராமல் நிற்கிறது என்றால், அது தானாக நடப்பதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில், காரை அல் கோஸ் பகுதியில் ஒரு சிறிய பட்டறைக்குக் கொண்டுபோகிறேன். அதை நடத்துபவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த ஊரில் வண்டிகளின் மூக்கைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

முன் பம்பரைக் கழற்றுவதே ஒரு நுட்பம். மேலே, மூடிக்கு அடியில் சில ஸ்க்ரூ, கீழே சில. பக்கவாட்டில் ஸ்க்ரூவே தெரியாது. சக்கர வளைவுக்கு முன்னால் இருக்கும் சின்ன இண்டிகேட்டர் விளக்கை நெம்பி எடுத்தால், அது இருந்த பொந்துக்குள் ஆழத்தில் ஒரு ஸ்க்ரூ தலை மின்னும். முதல்முறை பாய் அதைக் காட்டியபோது, மூக்குத்திக்குள் திருகாணி ஒளிந்திருப்பதுபோல இருந்தது. ஒரு துளை கூட வெளியே தெரியக் கூடாது என்று நினைத்த யாரோ ஒரு ஜெர்மன்காரரை அந்த இடத்தில் நான் மனதுக்குள் வணங்கிக்கொள்கிறேன்.

பம்பர் வந்ததும் கண்டென்சர்களின் போல்ட்டை எடுத்து, ஏசி குழாய்களைக் கழற்றாமலே, அவற்றை முன்னால் சாய்ப்பார். கேஸ் போகாது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு விரல் அளவு சந்து இருக்கிறது. ஒரு வருடத்துச் சரித்திரம் அந்தச் சந்தில் கிடக்கும். மணல், சிகரெட் முனை, பிளாஸ்டிக் உறைத் துண்டு, வெட்டுக்கிளியின் கால், பேரீச்சை நார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மெத்தைபோலச் சின்னச் சின்ன இலைகள், நகக்கண் அளவுகூட இல்லாதவை.

“இது என்ன இலை தெரியுதா தம்பி?” என்று ஒரு பிடி அள்ளி என் கையில் கொட்டினார்.

தெரியவில்லை.

“கஃப் மரம்னு இவங்க சொல்றது. நம்ம ஊரு வன்னி.”

எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரம் கஃப். நாணலும் முளைக்காத மணலில் வேரை ஆழத்துக்கு அனுப்பி நிற்கும் மரம். அது நம் சிவன் கோவில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னியேதான் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. நான் தினமும் அலுவலகத்தில் அந்த மர நிழலில்தான் காரை நிறுத்துகிறேன். நிழல் என்று நான் நம்பிப் போன இடத்திலிருந்துதான் ரேடியேட்டரை அடைக்கும் இலைகள் வந்திருக்கின்றன. இப்போதும் அங்கேதான் நிறுத்துகிறேன்; ஆனால் மாதம் ஒருமுறை பம்பர் வாயில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

இங்கே தூசு மட்டும் எதிரி என்று நினைத்தால் பாதிதான் சரி. ஆகஸ்டு, செப்டம்பர் இரவுகளில் கடலிலிருந்து ஈரம் ஏறி வரும். விடியற்காலையில் கார் கண்ணாடியில் தண்ணீர் ஓடும். அந்த ஈரம் சந்துக்குள் இருக்கும் தூசைக் குழைத்துப் பூச்சு போட்டுவிடுகிறது; பகல் வெயில் அதைச் சுட்டு இறுக்குகிறது. கூடவே கடல் உப்பு. அலுமினியத் துடுப்புகள் முதலில் வெளுக்கும், பிறகு பொடியாக உதிரும். அதனால் கண்டென்சர் கீழ்மூலை ஓட்டையாகும், ரேடியேட்டர் பக்கவாட்டில் கசியும். வன்னி இலை மெத்தை ஈரத்தைப் பிடித்துவைப்பதால் அரிப்பு அங்கே இன்னும் வேகம்.

பாய் அதை எடுக்கும் விதம் பார்க்கத் தகுந்தது. முதலில் வேக்குவம். பிறகு பெயின்ட் பிரஷ், மேலிருந்து கீழாக மட்டும். குறுக்கே ஒருபோதும் இல்லை. துடுப்புகள் ஒவ்வொன்றும் காகிதத்தைவிடச் சற்றுத்தான் கனம். பிறகு தோட்டக் குழாயில் சாதாரண வேகத்தில் தண்ணீர், பின்னாலிருந்து முன்னால். வந்த வழியே அழுக்கு வெளியேறட்டும் என்று. கடைசியாக, மடங்கிய துடுப்புகளை நிமிர்த்த ஒரு சீப்பு. அச்சு அசலாகப் பேன் சீப்பு மாதிரி. பாட்டி மடியில் தலையைக் கொடுத்துக் குனிந்திருந்த ஞாபகம் வரும் அளவுக்கு அதே அளவு, அதே நிதானம். ஒரு ரேடியேட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முடித்துவிட்டு ஒரு பக்கம் டார்ச் வைத்து மறுபக்கத்திலிருந்து பார்ப்பார். வெளிச்சம் ஆயிரம் நூலாகப் பிரிந்து வந்தால் சரி.

இவரிடம் வருவதற்கு முன் வேறோர் இடத்தில் இதே வேலையைப் பத்து நிமிடத்தில் செய்தார்கள். பம்பரைக் கழற்றாமல், முன்னாலிருந்து பிரஷர் வாஷர் வைத்து அடித்தார்கள். அடித்த தண்ணீர் தூசை இன்னும் உள்ளே தள்ளியது. துடுப்புகள் புயலில் சாய்ந்த நெல்வயல்போல ஒரே பக்கம் படுத்துவிட்டன. அந்தக் கோடையில்தான் முள் முதன்முறையாக பூஜ்யத்தைத் தாண்டியதைப் பார்த்தேன். வயிற்றைப் பிசைந்தது.

ரேடியேட்டருக்குப் பின்னால் விசிறி. இதற்கு இரண்டு வேகம்: மெதுவாகச் சுற்ற ஒரு ரெசிஸ்டர், வேகமாகச் சுற்ற நேரடி மின்சாரம். அந்த ரெசிஸ்டர் பம்பருக்குள்ளேயே உப்பும் ஈரமும் படும் இடத்தில் இருக்கிறது, ஒருநாள் செத்துப்போகும். செத்தது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கூலன்ட் நன்றாகச் சூடான பிறகு வேக விசிறி எழுந்து காப்பாற்றிவிடும். மெதுவான ஓட்டம் போய்விட்டது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினை எழுப்பி ஏசியைப் போட்டுவிட்டு இறங்கி, பம்பரின் ஒவ்வொரு வாயருகிலும் காதை வையுங்கள். இரண்டிலும் மெல்லிய ரீங்காரம் வர வேண்டும். ஒரு பக்கம் மௌனமாக இருந்தால் அந்தப் பக்க ரெசிஸ்டரைப் பார்க்க வேண்டும். விலை சொற்பம். இதை நான் ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை செய்கிறேன். தெருவில் போகிறவர்கள் நான் காரோடு ரகசியம் பேசுகிறேன் என்றுதான் நினைப்பார்கள்.

இனி மூடி. பின்பக்கம் இன்ஜின் அறையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதன்மேல் ஒரு நீல மூடி. மொத்த அமைப்பிலும் மலிவான பொருள் இதுதான். என் மனதுக்கு மிக நெருக்கமானதும் இதுதான். பிரஷர் குக்கரை வைத்து வாழ்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீரும் கிளைகாலும் சரிபாதி கலந்த கூலன்ட், திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். மூடி ஒரு பாருக்கு மேல் அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் கொதிநிலை 125-ஐயும் தாண்டிப் போகும். அந்த இருபது டிகிரி இடைவெளியில்தான் பாலைவனத்து 911 உயிர் வாழ்கிறது. மூடிக்குள் ஒரு ஸ்ப்ரிங், ஒரு ரப்பர் வளையம். ரப்பர் தளர்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும், ஆவியாக வெளியேறும், மட்டம் குறையும், எங்கே கசிகிறது என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்து தேடுவார்கள். போர்ஷே இந்த மூடியைப் பலமுறை திருத்தியிருக்கிறது; பாக எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 04 என்று இருக்கிறதா என்று இந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். பாய் ஒரு படி மேலே போவார்.

“மூடி மூணு வருஷம், தம்பி. நல்லா இருக்கோ இல்லையோ மாத்திடுங்க. குக்கர் கேஸ்கெட்டை வீட்ல மாத்தறதில்ல?”

தொட்டி மட்டும் அந்த அளவுக்கு நேர்த்தியானது என்று சொல்ல மாட்டேன். சூடும் அழுத்தமும் ஏறி இறங்கி, பிளாஸ்டிக் பழுப்பாகி, கண்ணுக்குத் தெரியாத தலைமயிர் விரிசல் விடும். பெரும்பாலும் நாம் பார்க்க முடியாத பின்பக்கத்தில். தொட்டிக் கழுத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போவார் பாய். திரும்பி வரும்போது பம்பின் முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு. கசிந்த இடத்தில் கூலன்ட் காய்ந்து இளஞ்சிவப்பாகப் பொரிந்திருக்கும். அருகே போனால் இனிப்பு வாசனை. நாய், பூனை நக்கும் இடத்தில் ஒரு சொட்டுகூடச் சிந்தவிடக் கூடாது. அது விஷம்.

இங்கே பனியே பெய்யாதே, கிளைகால் எதற்கு, வெறும் தண்ணீர் ஊற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. சூட்டைச் சுமப்பதில் தண்ணீருக்கு நிகர் இல்லை. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.18 கிலோஜூல் வாங்கிக்கொள்ளும். சரிபாதிக் கலவை அதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் வாங்கும். ஆனால் இன்ஜின், ரேடியேட்டர், குழாய் எல்லாமே பெரும்பாலும் அலுமினியம். கூலன்டில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துகள் இல்லாவிட்டால் தண்ணீர் அலுமினியத்தைத் தின்றுவிடும். குழாய்த் தண்ணீராக இருந்தால் உப்புப் படிந்து, நம் ஊர் வெந்நீர்ப் பானைக்குள் இருப்பதுபோல உள்ளே ஒரு ஓடு கட்டும். ஆகவே தயாரிப்பாளர் சொன்ன இளஞ்சிவப்புக் கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், சரிபாதி. வேறு நிறத்தோடு கலப்பதில்லை. அந்த ஐந்தில் ஒரு பங்கு நஷ்டத்தைச் சுத்தமான துடுப்புகளால் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பது என் முடிவு.

வாட்டர் பம்ப்பைப் பற்றித்தான் இந்தக் கார்க்காரர்களுக்குள் சண்டை அதிகம். போர்ஷே கொடுத்த பம்ப்பின் உள்சக்கரம் பிளாஸ்டிக் வகை. வயதானால் இதழ்கள் உடைந்து, துண்டுகள் இன்ஜினின் குறுகிய வழிகளில் போய் அடைத்துக்கொள்ளும். வெளியே முள் சாதாரணமாகக் காட்டும். உள்ளே ஒரு சிலிண்டர் மட்டும் வெந்துகொண்டிருக்கும். இதற்குப் பயந்து உலோக இதழ் உள்ள பம்ப்பைப் போடுகிறவர்கள் உண்டு. அதில் வேறு ஆபத்து: பேரிங் தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கினால், உலோக இதழ் பம்ப் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் சுவரையே சுரண்டும். பிளாஸ்டிக் உடைந்தால் துண்டைத் தேடலாம். சுவர் போனால் இன்ஜின் போனது. நான் பிளாஸ்டிக்கின் பக்கம். நான்கு கோடைக்கு ஒருமுறை, நன்றாக இருக்கும்போதே மாற்றிவிடுகிறேன். பழைய பம்ப்பைக் கையில் வாங்கி இதழ்களை எண்ணுவது ஒரு சடங்கு. எல்லா இதழும் இருக்கிறது என்று தெரியும்போது வரும் நிம்மதியை, பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய்த் தலை எண்ணி பஸ் ஏற்றும் வாத்தியார்கள் புரிந்துகொள்வார்கள்.

அதே சமயத்தில் தெர்மோஸ்டாட்டும். அசல் தெர்மோஸ்டாட் 80 டிகிரிக்கு மேல்தான் கதவு திறக்கும். 71-இலேயே திறப்பது வெளியாரிடம் கிடைக்கிறது. இங்கே அதைப் போட்டிருக்கிறேன். நெரிசலில் பெரிய வித்தியாசம் தெரியாது, ரேடியேட்டர்தானே அங்கே எல்லை. ஓடும் சாலையில் எண்ணெய் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கிறது. அது போதும்.

டர்போ, ஜிடி3 வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கவலை. ஹான்ஸ் மெஸ்கர் வடிவமைத்த பந்தய இன்ஜினின் வழிவந்தது அவர்களுடையது, இன்ஜின் அற்புதம். ஆனால் அதில் சில கூலன்ட் குழாய்களின் முனைகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டுப் பசை விட்டுவிட்டால், ஓடும்போதே பின் சக்கரத்தின்மேல் கூலன்ட் கொட்டும். இன்ஜினை இறக்கும் சமயம் வாய்த்தால் வெல்டிங் செய்துவிடுவதே உத்தமம். அப்படியொன்று பாயின் பட்டறையில் நின்றிருந்தது. வெல்டிங் தையல் நாணயங்களைச் சாய்த்து அடுக்கினாற்போல அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

எல்லாம் மாற்றி, மூடி, இறுக்கிய பிறகு கூலன்டை நிரப்பும் கட்டம். நான் வேலையை விட்டுவிட்டு வந்து பார்ப்பது இதற்காகத்தான். இவ்வளவு நீளமான குழாய்களில், இத்தனை ஏற்ற இறக்கத்தில், மேலிருந்து ஊற்றினால் எங்காவது காற்று சிக்கிக்கொள்ளும். சிக்கிய காற்று இருக்கும் இடத்தில் தண்ணீர் இல்லை. அங்கே உலோகம் வேகும். அதனால் பாய் முதலில் காற்றையே எடுத்துவிடுகிறார். தொட்டி வாயில் ஒரு ரப்பர் கூம்பை வைத்து, கம்ப்ரஸர் காற்றால் உள்ளே இருப்பதை உறிஞ்சுவார். ஹோஸ்கள் ஒவ்வொன்றாகச் சூம்பத் தொடங்கும். தடித்த ரப்பர் ஹோஸ், பட்டினி கிடந்தவரின் கன்னம்போல ஒட்டிப்போகும். பத்து நிமிடம் அப்படியே விடுவார். மீட்டர் முள் நகரவில்லை என்றால் எங்கும் ஓட்டை இல்லை. பிறகு ஒரு சின்ன வால்வைத் திருப்புவார். கீழே வாளியில் இருக்கும் இளஞ்சிவப்புத் தண்ணீரைக் கார் தானாகவே குடிக்கத் தொடங்கும். ஊற்ற வேண்டியதில்லை. ஒட்டிய ஹோஸ்கள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக நிமிரும், உருளும், நிறையும். வாளியில் மட்டம் இறங்குவதும் ஹோஸ் புடைப்பதும் ஒரே தாளத்தில் நடக்கும். இருபது லிட்டரையும் அது குடித்து முடிப்பதைப் பார்ப்பதற்கு நான் அரைநாள் லீவு போட்டிருக்கிறேன்.

பிறகு தொட்டி அருகே உள்ள காற்று வால்வின் கம்பியைத் தூக்கிவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினை 2,500 சுற்றில் பிடிப்பார். தெர்மோஸ்டாட் திறக்கும் நொடி தெரியும்: அடிவயிற்றுக் குழாயில் கை வைத்திருந்தால், இளஞ்சூடு திடீரென்று பின்னாலிருந்து முன்னால் நகர்வது உள்ளங்கையில் படும். மட்டம் கொஞ்சம் இறங்கும், ஊற்றுவார். கடைசிக் குமிழ் வெளியேறியதும் கம்பியை மடக்கிவிடுவார்.

இந்த ஏப்ரலில் அதெல்லாம் முடிந்த பிறகு, பாய் என்னை முன்பக்கம் வரச் சொன்னார். பம்பர் மாட்டியாகிவிட்டது, விசிறிகள் ஓடுகின்றன. வலது முன் சக்கரத்துக்கு முன்னால், ரேடியேட்டரின் காற்று வெளியேறும் இடத்தில் கையை நீட்டிக் காட்டினார். நான் இடப்பக்கம் போய் அதேபோல உட்கார்ந்து கையை நீட்டினேன்.

“எப்படி இருக்கு?”

“சூடாத்தான் இருக்கு பாய்.”

“இங்க வந்து பாருங்க.”

இடம் மாறிக்கொண்டோம். வலப்பக்கத்துக் காற்றும் அதே சூட்டில், அதே வேகத்தில் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. ஒரு பக்கம் காற்று சிக்கியிருந்தாலோ, அடைத்திருந்தாலோ அந்தப் பக்கம் குளிர்ந்திருக்கும். பாய் மறுபக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவர் அடுத்த வண்டிக்குப் போனார். நான் இன்னும் கொஞ்ச நேரம், வெளியே 38 டிகிரி இருந்தும், அந்தச் சூடான காற்றில் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன்.